ஆலை வளாகத்தில் மின்வண்டி சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ராணிப்பேட்டை சிப்காட்டில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டியே போகிறது இந்தத் தொழில் வட்டாரம். இங்குள்ள தோல் ஆலைகளிலும் காலணி ஆலைகளிலும் கல்லூரி, மருத்துவமனை வளாகங்களிலும் மின்வண்டி சார்ஜர்களைப் பொருத்துவதும் பராமரிப்பதும் என் வேலை. தொலைபேசியில் வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும்: "சார்ஜர் போய்விட்டது சார், வேறு மாற்றிக் கொடுங்கள்." போய்ப் பார்த்தால் சார்ஜர் நன்றாக இருக்கும். பழுது அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். எர்த் குழி, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி, காய்ந்திருக்கும். நியூட்ரல் முனை தளர்ந்திருக்கும். கேபிள் மெலிதாக இருக்கும். எந்த வண்டி எந்த நேரத்தில் நிற்கும் என்று சார்ஜர் வாங்குவதற்கு முன் ஒருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வளாகத்தில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களை எல்லோரும் படித்துவிட வேண்டும்.

முதலாவது, பேனலைத் திறப்பதும் முனைகளைத் தொடுவதும் உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. வாகனப் பொறுப்பாளரும் பாதுகாவலரும் செய்ய வேண்டியது பார்ப்பது, குறித்துவைப்பது, வண்டியை மாற்றிப் போட்டுச் சோதிப்பது. அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, எதையும் கழற்றுவதற்கு முன் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறாத வண்டியை வேறொரு துப்பாக்கியில் (சார்ஜர் கேபிளின் முனையில் வண்டியில் செருகும் கைப்பிடி) போடுங்கள். அந்தத் துப்பாக்கியில் வேறொரு வண்டியைப் போடுங்கள். பழுது வண்டியோடு நகர்ந்தால் வண்டியில் இருக்கிறது. துப்பாக்கியோடு நின்றால் சார்ஜரில் அல்லது அதற்குப் போகும் கம்பியில் இருக்கிறது. இரண்டும் பிடிபடாமல் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தால் வெப்பம், மின்னழுத்தம், பக்கத்து இயந்திரம் என்று தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் சார்ஜரைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, "பழுது ஏதும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பப் பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சார்ஜரில் விளக்கே எரியவில்லை

அவசர நிறுத்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவப்புக் காளான் போன்ற அந்தப் பொத்தானை யாராவது சாய்ந்து நிற்கும்போது அழுத்தியிருப்பார்கள். வலப்பக்கம் திருகினால் வெளியே வரும். அடுத்து பிரேக்கர். அதற்கும் அடுத்து, மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறதா என்பது. மூன்று ஃபேஸ் சார்ஜர்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை ஒரே ஒரு ஃபேஸிலிருந்துதான் மின்சாரம் எடுக்கும். அந்த ஃபேஸ் போனால் மற்ற இரண்டும் இருந்தும் திரை இருட்டாகவே இருக்கும்.

துப்பாக்கியைச் செருகினதும் "எர்த் பிழை" என்று நிற்கிறது

நம் ஊர்ப் பக்கம் அதிகமாக வரும் புகார் இது. பங்குனியில் தலைகாட்டும், கத்திரி வெயிலில் உச்சத்துக்குப் போகும், ஐப்பசி மழை வந்ததும் தானே மறைந்துவிடும். இந்தப் பருவக் கணக்கே பழுது எங்கே என்று சொல்லிவிடுகிறது. சார்ஜருக்கு மழையும் வெயிலும் தெரியாது. மண்ணுக்குத் தெரியும்.

வாகன சார்ஜர்கள் மற்ற இயந்திரங்களைப் போல எர்த் இல்லாமலும் ஓடிவிடுவதில்லை. மின்சாரத்தை வண்டிக்குள் விடுவதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பெரும்பாலான சார்ஜர்கள் அளந்து பார்க்கும். அளவு மீறினால் மறுத்துவிடும். அது மறுப்பது சரிதான். ரப்பர் சக்கரத்தின் மேல் நிற்கும் உலோக உடல் அது. உள்ளே கசிவு வந்தால், கதவைத் தொடும் ஓட்டுநரின் உடல்தான் எர்த் ஆகும்.

மல்டிமீட்டரை வைத்து சார்ஜர் முனையில் நியூட்ரல், எர்த் இரண்டுக்கும் இடையே அளவெடுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை வண்டி எதுவும் ஏறாதபோது, இன்னொரு முறை பக்கத்துத் துப்பாக்கிகளில் வண்டிகள் ஏறும்போது. ஒன்றிரண்டு வோல்ட் என்றால் கவலையில்லை. வண்டிகள் ஏற ஏற எண்ணும் ஏறினால் நியூட்ரல் கம்பி நீளம், மெலிவு அல்லது தளர்ச்சி, கேபிளைப் பாருங்கள். வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் பெரிதாகவே நின்றால், அல்லது நிலையில்லாமல் அலைந்தால், எர்த் சரியில்லை; குழியைப் பாருங்கள்.

குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்துச் செருகிப் பாருங்கள். ஏறிவிட்டால் சோதனை முடிந்தது. சிகிச்சை முடியவில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம். தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை நியமித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கும் ஆலைகள் இருக்கின்றன. அந்த ஆள் விடுப்பில் போகிற நாளில் எட்டு வண்டிகள் நிற்கும்.

வேலூரைச் சுற்றி மலைகளும் பாறையும். ஆற்றை ஒட்டிய இடங்களில் மணல், ஈரத்தைப் பிடித்துவைக்காது. மலையடிவாரங்களில் நாலு அடியிலேயே கல். பழைய முறைப்படி உப்பும் கரியும் போட்டு எட்டடிக் குழாய் இறக்கியிருப்பார்கள். சில ஆண்டுகளில் உப்பு கரைந்துபோய் குழாயும் அரித்திருக்கும். எர்த் டெஸ்டரை வைத்து, இரண்டு துணை முனைகளை நட்டு, முறையாக அளந்து பாருங்கள். அளக்க வேண்டிய மாதம் மே. மழைக்காலத்தில் எடுத்த அளவுச் சீட்டு எதற்கும் உதவாது. நான் சார்ஜர்களுக்கு மே மாதத்திலும் எர்த்தின் தடை 2 ஓமுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒரே குழியில் அந்த அளவு வராத இடத்தில் மூன்று நான்கு குழிகளைப் போதிய இடைவெளியில் போட்டு, பட்டையால் ஒன்றோடொன்று இணைத்து, பென்டனைட் போன்ற ஈரம் காக்கும் கலவையைச் சுற்றிலும் நிரப்புகிறோம். கல் அகப்படும் இடத்தில் ஆழமாகத் துளையிட்டுத்தான் இறக்க வேண்டும்.

ஒரு தவறை அடிக்கடி பார்க்கிறேன். சார்ஜருக்கென்று "சுத்தமான எர்த்" வேண்டும் என்று யாரோ சொல்ல, தனிக்குழி வெட்டி, அதை ஆலையின் பொது எர்த்தோடு சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு எர்த்துகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வரும். ஒரு கை வண்டியிலும் மறு கை பக்கத்து இரும்புத் தூணிலும் இருக்கும் ஆளுக்கு அது ஆபத்து. தனிக்குழி போடுங்கள், நல்லதுதான். ஆனால் பொது எர்த்தோடு கட்டாயம் இணையுங்கள்.

இரண்டு வண்டி ஏறுகிறது, மூன்றாவது போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி; துண்டிப்பதைத்தான் விழுவது என்கிறோம். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் இருக்கும் உள்சார்ஜரில் வடிகட்டி மின்தேக்கிகள் இருக்கின்றன. அவை வழியாகச் சில மில்லி ஆம்பியர் இயல்பாகவே எர்த்துக்குப் போகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. முப்பதில்தான் விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். 15-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் விழ அதற்கு அனுமதி உண்டு. நான்கு துப்பாக்கிகளுக்கு ஒரே ஆர்.சி.சி.பி. வைத்துச் செலவை மிச்சப்படுத்தியிருந்தால் மூன்றாவது வண்டியில் விழுவது இயல்பு. ஒரு துப்பாக்கிக்கு ஒரு ஆர்.சி.சி.பி. என்று பிரித்துவிடுங்கள்.

அதன் வகையையும் பாருங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏ.சி. வகை வீட்டு விளக்குகளுக்குப் போதும். மின்வண்டிக்குப் போதாது. வண்டியின் மின்கலப் பக்கத்திலிருந்து நேர்மின் கசிவு வந்தால், 6 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும்போது, அந்தக் கருவியின் காந்தக் கரு நிறைவுற்று அது குருடாகிவிடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் அமைப்பு இருந்தால் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும். விலை அதிகம்தான். வாங்குங்கள்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது என்பதற்காக அதைத் தாண்டி நேராகக் கம்பி கொடுத்துவிட்டு, "இப்போது நன்றாக ஏறுகிறது" என்று ஓர் ஆலையில் என்னிடம் பெருமையாகக் காட்டினார்கள். அன்று நான் அந்த வளாகம் முழுவதற்கும் சார்ஜிங்கை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். மழைத் தண்ணீரில் செருப்பில்லாமல் நின்று துப்பாக்கியைக் கழற்றுகிற ஒரு பையனின் உயிருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான்.

மழைக்குப் பிறகு மட்டும் விழுகிறதென்றால் துப்பாக்கியின் வாய்க்குள் தண்ணீர் போயிருக்கும். துப்பாக்கியைத் தரையில் போடாமல் வாய் கீழ்நோக்கியிருக்கும்படி கொக்கியில் மாட்டப் பழக்குங்கள்.

ஒரு துப்பாக்கியில் "அதிக மின்னழுத்தம்", இன்னொன்றில் "குறைந்த மின்னழுத்தம்"

இதைப் பார்த்த உடனே மொத்தப் பேனலையும் அணையுங்கள். பிறகு மேலே படியுங்கள்.

பொது நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது அறுந்துகொண்டிருக்கிறது. ஒற்றை ஃபேஸ் வண்டிகளை மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டிருக்கும்போது நியூட்ரல் தளர்ந்தால், அதிக வண்டி உள்ள ஃபேஸில் மின்னழுத்தம் இறங்கும். வண்டி குறைவாக உள்ள ஃபேஸில் 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். வண்டியின் உள்சார்ஜரும் பக்கத்திலுள்ள கணினியும் மின்விசிறியும் சேர்ந்தே போய்விடும். நியூட்ரல் முனைகளில் அலுமினியக் கம்பியும் பித்தளை முனையும் சேரும் இடங்களை முதலில் பாருங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி அங்கேதான் தளரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா முனைகளையும் இறுக்கிவிடும் வழக்கம் இருந்தால் இந்தத் தலைப்பு உங்களுக்குத் தேவைப்படாது.

இரவு முழுக்கப் போட்டும் வண்டி நிரம்பவில்லை

குடியாத்தம் சாலையில் ஒரு கிடங்கு. சரக்கு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் காலை ஆறு மணிக்கு என்னை அழைத்தார். "அண்ணா, ராத்திரி பத்து மணிக்கே போட்டுவிட்டேன். இப்போதும் அறுபதைத் தாண்டவில்லை. முதலாளி நான் போட மறந்துவிட்டேன் என்கிறார்." அவர் மறக்கவில்லை. ஓட்டுநர்கள்மேல் விழும் இந்தப் பழியை நீக்கவாவது கீழே உள்ள மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

வண்டி எவ்வளவு வாங்கும் என்பது முதல். ஏ.சி. சார்ஜர் என்று நாம் சொல்லும் சுவர்ப்பெட்டி உண்மையில் பாதுகாப்பான ஒரு சுவிட்ச்தான். மின்கலத்துக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றும் வேலையை வண்டிக்குள் இருக்கும் உள்சார்ஜர் செய்கிறது. சுவரில் 22 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் வண்டியின் உள்சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் 3.3-தான் ஏறும். இன்னொரு சிக்கலும் உண்டு. 11 கிலோவாட் பெட்டி என்பது மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர். ஒற்றை ஃபேஸ் வண்டியை அதில் போட்டால் ஒரு ஃபேஸ் மட்டுமே பயன்படும், 3.7 கிலோவாட்டுக்கு மேல் வராது. 7.2 கிலோவாட் வாங்கும் திறன் உள்ள வண்டியாக இருந்தாலும் சரி. அதற்கு ஒற்றை ஃபேஸ் 32 ஆம்பியர் தரும் பெட்டி வேண்டும். வாங்கும் முன் வண்டியின் கையேட்டைப் பார்க்காததால் வரும் இழப்பு இது.

கேபிள் இரண்டாவது. குடியாத்தம் சாலைக் கிடங்கில் இதுதான் நடந்தது. பேனலிலிருந்து வண்டி நிற்கும் கொட்டகை 80 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி இழுத்திருந்தார்கள். 32 ஆம்பியர் ஓடும்போது போக வர 160 மீட்டர் கம்பியில் ஏறக்குறைய 19 வோல்ட் தொலைந்துபோகிறது. பேனலில் 225 இருந்தால் வண்டிக்கு 206. மாலையில் ஊரே விளக்குப் போடும்போது பேனலிலேயே 210-க்கு இறங்கினால் வண்டிக்கு 190-தான் கிடைக்கும். வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிட்டு மறுபடி தொடங்கும். தொலைந்த 19 வோல்ட் எங்கே போனது? 600 வாட் வெப்பமாகக் கம்பியில் போனது. ஏழு மணி நேரத்தில் நான்கு யூனிட்டுக்கு மேல். அதையே 16 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இழுத்திருந்தால் இழப்பு 7 வோல்ட்டோடு நின்றிருக்கும். சார்ஜர் முனையில், வண்டி முழு வேகத்தில் ஏறும்போது அளவெடுத்துப் பாருங்கள். வண்டி இல்லாதபோது எடுக்கும் அளவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, சார்ஜருக்குள் வைத்த வரம்பு. பொருத்தும்போது சோதனைக்காக 10 ஆம்பியர் என்று வைத்துவிட்டு மாற்ற மறந்திருப்பார்கள். இருக்கும் மின்சாரத்தைத் துப்பாக்கிகள் பங்கிட்டுக்கொள்ளும் சுமைப் பகிர்வு உள்ள இடத்தில், மொத்த மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும், ஃபேஸ் மாற்றி மாட்டியிருந்தாலும் எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

நேர்மின்சாரத்தை நேராக மின்கலத்துக்கே கொடுக்கும் டி.சி. வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகப் போவது பழுது இல்லை. மின்கலமே அப்படிக் கேட்கிறது. வரிசையில் வேறு வண்டி காத்திருந்தால் எண்பதில் கழற்றிவிடுங்கள்.

காலையில் நன்றாக ஏறுகிறது, பிற்பகலில் நின்றுபோகிறது

வேலூரை வெயிலூர் என்பது சும்மா இல்லை. மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மேற்குச் சுவரில், தகரக் கூரைக்குக் கீழ், இரும்புப் பெட்டிக்குள் மாட்டிய எம்.சி.பி.யின் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கர்) நிலையை எண்ணிப் பாருங்கள். எம்.சி.பி.யில் எழுதியிருக்கும் ஆம்பியர் 30 டிகிரிச் சூழலுக்கு அளந்தது. பெட்டிக்குள் 55 டிகிரி இருக்கும்போது அதே 32 ஆம்பியரில் அது விழத்தான் செய்யும். மற்ற இயந்திரங்கள் ஓடி ஓடி நிற்பவை. வண்டியோ நான்கைந்து மணி நேரம் ஓயாமல் முழு மின்னோட்டமும் இழுக்கும். அதனால் 32 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் எம்.சி.பி.யும் அதற்கேற்ற கேபிளும் போடுகிறோம். கேபிளை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால் கம்பிதான் ஃபியூஸ் ஆகும்; அதைச் செய்யாதீர்கள்.

பெட்டியைக் கிழக்கு அல்லது வடக்குச் சுவருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் மேலே இரட்டைக் கூரையாக ஒரு தகடு, நடுவில் காற்றுப் போக நான்கு விரல் இடைவெளி. டி.சி. சார்ஜராக இருந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். லாரிகள் போய்வரும் வளாகத்துப் புழுதியும் தோலைத் தேய்க்கும் பிரிவின் தூசும் சேர்ந்து ஒரே மாதத்தில் அதை அடைத்துவிடும். அடைத்தால் சார்ஜர் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வண்டியும் சூடாக வந்து நிற்கும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, தார்ச்சாலையின் அனலில் வந்த மின்கலத்தை உடனே வேக சார்ஜரில் போட்டால் அதன் மேலாண்மை அமைப்பு மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அரை மணி முக்கால் மணி நேரம் நிழலில் நிற்கவிட்டுப் போடுங்கள். மொத்த நேரம் குறைவாகவே ஆகும். சார்ஜிங் இடத்துக்கு மேலே கூரை போடச் செலவழிக்கத் தயங்குகிறவர்களிடம் நான் விடாமல் வாதாடுவது இதற்காகத்தான். அந்தக் கூரையிலேயே சூரியத் தகடு போட்டால் இரண்டு வேலை.

சாக்கெட் கருகுகிறது, பிளாஸ்டிக் நாற்றம் வருகிறது

ஆட்டோக்களும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளும் ஸ்கூட்டர்களும் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் ஏறுகின்றன. 13 ஆம்பியர் நாலு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிற இடத்தில் தளர்ந்த ஒரு பின்னின் தடை 0.1 ஓம் இருந்தால் போதும். 17 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் உண்டாகும். பற்றவைக்கும் சிறிய சால்டரிங் இரும்பின் அளவு அது. தினமும் செருகிக் கழற்றும் சாக்கெட்டை ஆண்டுக்கு ஒரு முறை பழுது வரக் காத்திராமல் மாற்றிவிடுங்கள். நீட்டிப்புப் பெட்டியில் வண்டி போடுவதை அடியோடு தடை செய்யுங்கள். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால், பூட்டிக்கொள்ளும் தொழில்துறை வகைச் சாக்கெட்டுக்கு மாறுவது நல்லது.

சாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இரவுக் காவலருக்கு இருக்கட்டும். வண்டி ஏறும்போது மூடியின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது.

துப்பாக்கியின் பின்கள் கறுத்திருக்கின்றன

தோல் ஆலைகளில் மட்டும் நான் பார்க்கிற நோய் இது. முடி நீக்கும் கட்டத்தில் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு சேரும் இடங்களில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளியாகும். மனிதர்க்கு எவ்வளவு கொடியதோ தாமிரத்துக்கும் வெள்ளிக்கும் அவ்வளவு கொடியது. வெள்ளி பூசிய பின்கள் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் தடையைக் கூட்டும், பின் சூடேறும், சார்ஜர் "துப்பாக்கி வெப்பம்" என்று நிற்கும். உள்ளேயிருக்கும் ரிலே முனைகளும் இப்படியே கெடும்.

உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பூச்சும் போய்விடும், அடுத்த வாரமே இன்னும் வேகமாகக் கறுக்கும். மின் தொடர்புகளுக்கான சுத்தம் செய்யும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். தழும்பேறிய பின்னாக இருந்தால் துப்பாக்கியையே மாற்றுங்கள். நிரந்தர வழி ஒன்றே: முடி நீக்கும் சுண்ணாம்புப் பிரிவிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி, காற்று வரும் திசையில் சார்ஜிங் இடத்தை அமைப்பது. திட்டம் போடும் நாளில் வளாகத்தை ஒரு சுற்று நடந்துபாருங்கள். மூக்கே சொல்லிவிடும்.

செருகினால் ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

துப்பாக்கியில், சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுக் கம்பியில் 12 வோல்ட் இருக்க வேண்டும். வண்டியில் செருகினால் அது 9 ஆகும். வண்டி மின்சாரம் கேட்டால் 6. பன்னிரண்டிலேயே நின்றால் வண்டி செருகப்பட்டதே சார்ஜருக்குத் தெரியவில்லை: கேபிளில் அந்த மெல்லிய கம்பி அறுந்திருக்கும், பெரும்பாலும் லாரி ஏறி நசுக்கிய இடத்தில். ஒன்பதில் நின்றால் சார்ஜர் தயார், வண்டிதான் கேட்கவில்லை. வண்டியில் நேரம் குறித்துவைத்திருக்கிறார்களா, ஏற்கெனவே நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

சார்ஜைத் தொடங்கும் அடையாள அட்டையைக் காட்டினால் ஏற்காமல் இருப்பது பெரும்பாலும் சிம் சிக்னல் பிரச்சினை. இணைப்பு போனாலும் பதிவு செய்த அட்டைகளை ஏற்கும் வசதி சார்ஜரில் இருக்கும், அதை இயக்கிவையுங்கள்.

மின்தடை முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாம் மறுபடி விழுகிறது

மின்சாரம் திரும்பிய நொடியில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்குகின்றன. அதே நொடியில் காற்றழுத்த இயந்திரங்களும் குளிர்சாதனங்களும் தொடங்குகின்றன. சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமதம் வையுங்கள்: ஒன்றுக்கு இரண்டு நிமிடம், அடுத்ததற்கு நான்கு.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் எர்த் பிழை வந்தால், ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யுங்கள். ஆனால் டீசல் எரித்து வண்டிக்கு ஏற்ற வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று யோசியுங்கள். மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சின் துணைத் தொடர்பிலிருந்து ஒரு கம்பி எடுத்து, ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜர்கள் தானே நிற்கும்படி செய்துவிடலாம். மருத்துவமனையின் அவசர ஊர்தி போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக ஏறுகிறது, ஆனால் மின் கட்டணம் எகிறிவிட்டது

பழுது என்று யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பழுது, ஏனென்றால் இரண்டு மாதக் கட்டணத்தைப் பார்த்து முதலாளிகள் மின்வண்டியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஆலைகள் வாங்கும் உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அதிகபட்சத் தேவைக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுத்த உச்ச அளவுக்கு, தனியாக ஒரு கட்டணம். மாதத்தில் ஒரே ஒரு முறை, சில நிமிடச் சராசரியில் தேவை உச்சம் தொட்டாலும் மாதம் முழுவதற்கும் அந்த எண்ணே நிற்கும். பயன்பாடு குறைந்தாலும் ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய உச்ச அளவு) 90 சதவீதத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒப்பந்தத் தேவையைக் கூட்டிவைப்பதும் நட்டம், கூட்டாமல் மீறுவதும் நட்டம். காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட் விலையும் கூடுதல்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணி ஆலை. ஊழியர் கார்கள் காலை எட்டே முக்காலுக்கு வந்து வரிசையாகச் செருகப்பட்டன. அதே நேரத்தில் காற்றழுத்த இயந்திரங்கள், தையல் பிரிவு, குளிர்சாதனம் எல்லாம் தொடங்கின. மாதத்தின் உச்சம் ஒவ்வொரு நாளும் அந்த அரை மணி நேரத்தில்தான். மீட்டரிலிருந்து சுமைப் பதிவை எடுத்துத் தாளில் வரைந்து பார்த்தபோது, மதிய உணவு இடைவேளையில் கோடு பள்ளமாக இறங்கியது. கூரைமேல் சூரிய மின்சாரம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. கார்களின் தொடக்கத்தைப் பதினொன்றரைக்குத் தள்ளினோம். யாருக்கும் குறை வரவில்லை. மாலை ஐந்தரைக்குத்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள்.

(சொந்த ஊழியர் வண்டிக்குச் சார்ஜ் கொடுக்க உரிமம் வேண்டுமா என்று அங்கே பயந்தார்கள். வேண்டாம். வண்டிக்குச் சார்ஜ் செய்வது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.)

அடுத்து அவர்கள் கேட்டது பேருந்துகளைப் பற்றி. இந்த வட்டாரத்தின் காலணி ஆலைகளுக்குக் கிராமங்களிலிருந்து பெண்களை அழைத்துவரும் பேருந்துகள் காலை எட்டரைக்குள் வந்து, மாலை வரை வளாகத்திலேயே நிற்கின்றன. பகல் முழுக்க வெயிலில் சும்மா நிற்கும் வண்டி. வேறெங்கும் கிடைக்காத வாய்ப்பு இது. மூன்று பேருந்துக்கு மூன்று 60 கிலோவாட் சார்ஜர் வேண்டும் என்று விலைப்பட்டியல் வந்திருந்தது. மொத்தம் 180 கிலோவாட். டிரான்ஸ்பார்மரையே மாற்ற வேண்டியிருக்கும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பேருந்து நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் என்று தாராளமாக வைத்தால் 70 யூனிட். ஏற்றும்போது ஆகும் இழப்போடு 77. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 230. காலை பத்தரை முதல் மாலை நாலரை வரை ஆறு மணி நேரம் இருக்கிறது. சராசரி 39 கிலோவாட். இரட்டைத் துப்பாக்கி உள்ள 60 கிலோவாட் சார்ஜர் ஒன்றே போதும். கோடையில் அது தன் திறனைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் சமாளிக்கும். அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அதற்காக 30 கிலோவாட்டில் சிறியதாக இன்னொன்று.

இரவில் திரும்பும் எட்டுச் சரக்கு வண்டிகளுக்கு இதைவிட எளிது. ஒவ்வொன்றுக்கும் 13, 14 யூனிட், 3.3 கிலோவாட்டில் நாலு மணி நேரம் சொச்சம். நான்கு வண்டி இரவு பத்து முதல், மீதி நான்கு இரண்டரை மணி முதல். மொத்தச் சுமை எந்நேரமும் 14 கிலோவாட்டைத் தாண்டாது.

காவலர் அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டச் சொன்னேன். வண்டி எண், வந்த நேரம், வந்தபோது எத்தனை சதவீதம், கிளம்ப வேண்டிய நேரம், துப்பாக்கி எண், நின்றுபோனால் நின்ற நேரம் என்று ஆறு கட்டம். ஓட்டுநர்களே எழுதுகிறார்கள். இப்போது அங்கிருந்து அழைப்பு வந்தால், "சார்ஜர் போய்விட்டது" என்று யாரும் சொல்வதில்லை. "மூன்றாம் துப்பாக்கி, மூன்று நாளாகப் பிற்பகல் இரண்டேகாலுக்கு நிற்கிறது, எந்த வண்டி போட்டாலும்" என்கிறார்கள். நான் வண்டியில் ஏறும்போதே காற்று வடிகட்டியை எடுத்துவைத்துக்கொள்கிறேன்.